சராசரி 17 என்றால் எல்லோரும் 17-இல் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 17 என்றால், ஆலையில் நாற்பது வயது ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான குழப்பம்தான். அது 1842-இல், தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றி எட்வின் சாட்விக் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய அறிக்கையில் வந்த கணக்கு. இறந்தவர்களின் வயதைக் கூட்டி வகுத்தது. அங்கே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டவில்லை. ஒரு வயதில் மூன்று குழந்தைகள், ஐம்பதில் தகப்பன் என்று நாலு சாவு விழுந்தால் சராசரி 13 சொச்சம்தான் வரும். போட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் ஏன் அப்படிப் போனார்கள் என்பதற்கு வீட்டைப் பார்க்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கதவும் ஜன்னலும் முன்பக்கம் மட்டும். காற்று குறுக்கே ஓட வழியே இல்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு கக்கூஸ். நிலவறையில் குடியிருந்தவர்கள் பாடு இதைவிட மோசம். அம்மா ஆலைக்குப் போனதும், அழுகிற பிள்ளைக்கு அபின் கலந்த மருந்து ஒரு கரண்டி. மயங்கிக் கிடக்கும் பிள்ளை பாலுக்குக்கூட அழாது.

அப்புறம், ஒப்பீடு வேண்டுமானால் அதே அறிக்கையில் ரட்லண்ட் என்ற இங்கிலாந்து மாவட்டம் இருக்கிறது. அந்தக் கிராமப்புறக் கூலிக்காரருக்குச் சராசரி 38. மான்செஸ்டர் கனவான்களுக்கும் அதே 38தான்!