பால் தம்பிக்கு, பிளேன்டீ அக்காவுக்கு

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மாமியோடு இருக்கிறோம். மகளுக்கு 4 வயது, மகனுக்கு இரண்டரை. நான் வேலைக்குப் போவதால் பகல் சாப்பாடு மாமியின் கையில். முட்டையும் மீன் துண்டும் மகனுக்குத்தான். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை பாலும் அவனுக்கு. மகளுக்குச் சோறு, பருப்பு, பிளேன்டீ. அவளுடைய எடை 12.6 கிலோ, ஆறு மாதத்தில் 200 கிராம்தான் ஏறியிருக்கிறது. பெண் பிள்ளை அப்படித்தான் மெலிவாக இருக்கும் என்கிறார் மாமி. உண்மையா?

பதில்: உண்மையில்லை, சகோதரி. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 4 வயதுப் பெண் பிள்ளையின் நடுத்தர எடை 16.1 கிலோ, ஆண் பிள்ளையின் எடை 16.3 கிலோ. இருவருக்கும் இடையில் இருப்பது வெறும் 200 கிராம். இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஏற வேண்டும். உங்கள் மகள் 12.3 கிலோவுக்குக் கீழே இறங்கினால் எடை குறைந்த பிள்ளை என்றே எழுதுவோம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். பெண்ணாகப் பிறந்ததால் வந்த மெலிவு அல்ல இது, தட்டில் விழாத முட்டையால் வந்தது என்றே நினைக்கிறேன்.

இரும்புச்சத்தும் இந்த வயதில் இருவருக்கும் ஒரே அளவுதான் வேண்டும். பெரிய பிள்ளையான பிறகுதான் பெண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். சோற்றோடு தேநீர் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அதனால் பிளேன்டீயை நிறுத்திவிடுங்கள். பதிலுக்குப் பருப்பில் கொஞ்சம் தேசிக்காய் பிழியுங்கள், ஒரு சுளை தோடம்பழம் கொடுங்கள். நெத்தலி விலை கூடிய மீன் இல்லை, ஆனால் நல்ல புரதம். வீட்டில் ஒரு முட்டைதான் இருக்கிறதா, பாதி பாதியாக வெட்டி இரண்டு தட்டிலும் வையுங்கள்.

மகனைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. ஐந்து கோப்பை பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் பசி இருக்காது. பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு நாளைக்கு அரை லீட்டருக்கு மேல் போனால் இரத்தசோகை வரும் வாய்ப்புக் கூடும். 'ஆம்பிளைப் பிள்ளை பலமாக வளரட்டும்' என்று ஊட்டி ஊட்டியே வெளிறிப்போன பையன்களைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு கோப்பை போதும்.

இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நாடளவில் எடுத்துப் பார்த்தால், ஊட்டக்குறைவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதனாலேயே இப்படியான வீடுகள் யாருடைய கண்ணிலும் படாமல் போகின்றன. நீங்கள் கவனித்து எழுதியது எவ்வளவு நல்லது!

மாமியோடு சண்டை வேண்டாம். ஆண்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டே வளர்ந்த தலைமுறை அவர். நீங்களும் கடைசியாகத்தான் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதையும் மாற்றுங்கள். மகளின் பதிவேட்டை விரித்து, எடைக்கோடு எங்கே படுத்துவிட்டது என்று மாமிக்குக் காட்டுங்கள். 'உங்கள் பேத்தி வளரவில்லை, மாமி' என்று சொல்லுங்கள். பேத்தி மேல் பாசம் இல்லாமலா இருப்பார்? அடுத்த கிளினிக்குக்கு உங்கள் கணவரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். மிட்வைஃப் எடை நிறுத்துச் சொல்வதை அவர் நேரில் கேட்டால், வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் அவரே பேசுவார். எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். மகளை மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை ஏறாவிட்டாலோ, இடையில் காய்ச்சல், வயிற்றோட்டம் என்று அடிக்கடி வந்தாலோ காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் கொண்டு போங்கள். பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது பதிவேட்டை மறக்க வேண்டாம்.