மக்கிவிடுமே, அப்புறம் என்ன?

கேள்வி: மலையேற்றத்தின் நடுவே வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தோலைப் புதருக்குள் எறிந்தேன். கூட வந்த ஒருவர் எல்லார் முன்னாலும் "குப்பை போடாதீங்க" என்று கடிந்துகொண்டார். பிஸ்கட் உறையைப் பத்திரமாகப் பைக்குள்தான் வைத்திருந்தேன். தோல் மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகிறது. பறவையோ எறும்போ தின்னும், மிச்சம் உரமாகும். காட்டுக்கு நல்லதுதானே? இதையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாக்குவது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?

பதில்: குப்பைதான். கூட வந்தவர் அதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது சரி. அவர் பிளாஸ்டிக்கைப் பற்றி ஏதாவது பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதை நடுவில் இழுத்துவந்தது நீங்கள். பக்கத்தில் ஒரு பெரிய தப்பை நிறுத்திவைத்தால் நம்முடையது சின்னதாகத் தெரியும் என்பது பழைய உத்தி.

உங்கள் வாதம் இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. ஒன்று, மக்கிவிடும். இரண்டு, ஏதாவது ஒன்று தின்றுவிடும். முதலாவது நீங்கள் எறிந்த மாதிரி இடங்களில் லேசில் நடக்காது. இரண்டாவது நடக்கும், நடந்தால்தான் வம்பே.

முதலில் மக்குவதைப் பார்ப்போம். ஒரு தோல் மக்க வேண்டுமானால் வெதுவெதுப்பு, ஈரம், காற்று, ஏராளமான நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி வரவேண்டும். எருக்குழி போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். காய்ந்த இலையையும் பச்சைக் கழிவையும் கலந்து, கரிமச்சத்து தழைச்சத்தைப்போல 25 முதல் 30 மடங்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஈரம் போகாமல் தண்ணீர் தெளித்து, அவ்வப்போது கிளறியும் விட்டால், குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். அங்கே போட்ட தோல் சில வாரங்களில் அடையாளம் தெரியாமல் போய்விடும். காற்று வீசும் மலைச்சரிவில் இதில் எது இருக்கிறது? அங்கே விழுந்த தோல் முதலில் கறுக்கும். அப்புறம் ஓரம் சுருண்டு, பழைய செருப்பு மாதிரி விறைத்து, அப்படியே கிடக்கும். ஆரஞ்சுத் தோல் இன்னும் பிடிவாதக்காரர். அதிலுள்ள லிமோனீன் என்ற எண்ணெய் நுண்ணுயிர்களை எளிதில் அண்டவிடாது.

பிரிட்டனின் மிக உயரமான மலை ஸ்காட்லாந்தில் இருக்கும் பென் நெவிஸ், 1,345 மீட்டர். அதன் உச்சியைப் பராமரிக்கும் ஜான் மியூர் அறக்கட்டளை 2009ல் ஒரு புகாரை வெளியில் சொன்னது: உச்சியில் சுமார் ஆயிரம் வாழைப்பழத் தோல்கள். அந்தக் குளிரில் ஒரு தோல் மறைய இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். எறிந்தவர்கள் ஒவ்வொருவரும் உங்களைப்போலவே "ஒரு தோல்தானே" என்று நினைத்திருப்பார்கள். அவர்களில் யாரும் மோசமான ஆள் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். மலையேறி, வாழைப்பழம் தின்கிற ஆரோக்கியமான கூட்டம். ஆனால் மேலே வந்து நிற்கிறவர் பார்ப்பது ஆயிரம் தோல்களை.

இனி இரண்டாவது நம்பிக்கை. பறவை தின்னும் என்கிறீர்கள். எந்தப் பறவை?

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் என்ற நெடுமரக் காடுகளில் மார்பிள்டு முரலெட் என்றொரு கடற்பறவை குஞ்சு பொரிக்கிறது. கடலில் மீன் பிடித்துவிட்டு, பல கிலோமீட்டர் உள்ளே பறந்துவந்து, மிகப் பழைய மரங்களின் உயரமான கிளையில் பாசி மெத்தைபோல் படர்ந்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு முட்டை இடும். கூடு என்று தனியாக எதுவும் கட்டுவதில்லை. அது எங்கே முட்டையிடுகிறது என்பதே பறவையியலாளர்களுக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது; 1974ல் பிக் பேசின் பூங்காவில் மரம் ஏறிய ஒருவர்தான் தற்செயலாகக் கண்டார். அதே காட்டில் ஸ்டெல்லர் ஜே என்றொரு நீலப் பறவையும் இருக்கிறது. காக்கை இனம், காக்கையின் புத்தி. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சிந்தும் ரொட்டித் துணுக்கும் பழத்துண்டும் கிடைக்குமிடங்களில் அது வழக்கத்தைவிட நெருக்கமாகக் கூடிவிடுகிறது. சாப்பாட்டு மேசையில் வயிறு நிரம்பிய பிறகு சும்மா இருக்குமா? மேலே கிளை கிளையாகத் தேடும். வருஷத்துக்கு ஒரு முட்டை இடும் பறவைக்கு அந்த ஒன்று போனால் அவ்வளவுதான். முரலெட் 1992 முதல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. பழைய காடுகளை வெட்டித் தீர்த்தது அதற்கு முதல் காரணம். தப்பிப் பிழைத்த மரங்களில் ஜே பறவை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பூங்காக்களில் ஒரு துணுக்கு உணவுகூடத் தரையில் விடாதீர்கள் என்று தங்க வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். துணுக்கு! நீங்கள் முழுத் தோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், காரின் ஜன்னலிலிருந்து எறியும் ஆப்பிள் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரப் புல்லில் விழுகிறது. இருட்டியதும் எலி வருகிறது. எலியைத் தேடி ஆந்தை வருகிறது. ஆந்தை தாழப் பறந்து சாலையைக் குறுக்கே கடக்கும். அதன் கவனம் முழுவதும் எலிமேல். அடுத்த கார் வருகிறது. எறிந்தவர் அப்போது வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். காட்டுயிர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் ஆப்பிள் கட்டையை வெளியே எறியாதீர்கள் என்று சலிக்காமல் சொல்வதற்கு இதுதான் காரணம். தெருவில் திரியும் நாய்க்குத் திராட்சையும் வெங்காயமும் விஷம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். "ஏதாவது ஒன்று தின்னும்" என்பதில் அந்த 'ஏதாவது' யார், தின்றபின் அதற்கு என்ன ஆகும் என்று நாம் விசாரிப்பதே இல்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த வாசகர் யாராவது கோஸ்டா ரிகாவைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார். அவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அருமையான கதை. 1990களில் டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதி அங்கே ஒரு பழச்சாறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்படுத்தித் தந்தார்கள். நிறுவனம் தன் காட்டு நிலத்தைக் குவானகாஸ்தே பாதுகாப்புப் பகுதிக்குக் கொடுக்கும். பதிலுக்குப் பூங்காவுக்குள், மேய்ச்சலில் பாழான நிலத்தில், ஆரஞ்சுத் தோல்களைக் கொட்டிக்கொள்ளலாம். மூன்று ஹெக்டேரில் 12,000 டன், லாரி லாரியாகக் கொட்டினார்கள். போட்டி நிறுவனம் ஒன்று "தேசியப் பூங்காவை அசுத்தப்படுத்துகிறார்கள்" என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. வேலை நின்றுபோனது. 2013ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அந்த நிலத்தைத் தேடிப் போனபோது இடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. அடையாளத்துக்கு நட்டிருந்த பெரிய மஞ்சள் எழுத்துப் பலகையைக் கொடிகள் மூடியிருந்தன. தோல் கொட்டாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டால் மரங்களின் நிறை 176 சதவீதம் அதிகம் என்று 2017ல் ஆய்வுக்கட்டுரை வந்தது.

சரி, அப்படியானால் ஆரஞ்சுத் தோல் குப்பை இல்லையே? ஆமாம், அங்கே இல்லை. எந்த நிலம் என்று தேர்ந்தெடுத்தார்கள், நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் சம்மதித்தார்கள், என்ன ஆகும் என்று விஷயம் தெரிந்தவர்கள் யோசித்தார்கள். (அப்படியும் நீதிமன்றம் வரை போனது, பாருங்கள்.) உங்கள் புதரிடம் யார் கேட்டார்கள்? செழிப்பான காட்டுக்கு உங்கள் தோலின் உரம் தேவைப்படவில்லை; சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகிய செடிகள் உள்ள இடத்தில் அது உபகாரமும் இல்லை. அதே தோல், அதே கை. எங்கே, யார் சம்மதத்தோடு, யார் பொறுப்பில் விடுகிறீர்கள் என்பதுதான் அதைக் குப்பையாக்குகிறது. எத்தனை நாளில் மக்கும் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. இந்தியாவில் 2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தரம் பிரிக்கச் சொன்ன மூன்று வகைக் கழிவுகளில் மக்கும் கழிவும் ஒன்று. தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ எறியக் கூடாது என்ற தடையில் அதற்கு விலக்கு எதுவும் தரவில்லை. அபராதத்தில் வித்தியாசம் இருக்கலாமா என்றால், இருக்கலாம் என்பேன். பேட்டரியை எறிந்தவரையும் தோலை எறிந்தவரையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் நானும் உங்கள் கட்சி.

இதைக் குப்பை என்று நினைப்பது பசுமைப் பிரியர்கள் மட்டும்தான் என்று நினைத்தால், ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1990ல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். ஒரு மாணவர் விடுதியின் தபால் பெட்டிகளில் துண்டுப் பிரசுரம் வைத்தார்கள். எடுத்தவர்களில் எத்தனை பேர் அதைக் கீழே போடுகிறார்கள் என்று ஒளிந்து கவனித்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது நூற்றுக்குச் சுமார் 11 பேர் போட்டார்கள். தரையெங்கும் குப்பை கிடந்தபோது 27 பேர். ஆனால் சுத்தமான தரையில் ஒரே ஒரு பொருளை எடுப்பாகக் கிடத்தியபோது வெறும் 4 பேர். சுத்தமாக இருந்ததைவிடவும் குறைவு! ஒற்றைக் குப்பை கண்ணில் குத்தியதும், இங்கே போடக் கூடாது என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். அந்த ஒற்றைப் பொருள் என்ன தெரியுமா? சுரண்டித் தின்ற தர்ப்பூசணி ஓடு. நூறு சதவீதம் மக்கக்கூடியது. அதைக் குப்பை என்று புரிந்துகொள்ள அந்த மாணவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டுத் தோட்டத்தில், உங்கள் எருக்குழியில், தோட்டக்காரர் "போடுங்க" என்று காட்டிய இடத்தில் தாராளமாகப் போடுங்கள். மலையில் குழி தோண்டிப் புதைக்கலாமே என்று அடுத்த கடிதம் எழுதுவதற்குமுன் இதையும் படித்துவிடுங்கள்: வாசனை பிடித்து விலங்குகள் தோண்டி எடுத்துவிடும். ஓடையில் விடலாமா என்றால் அதுவும் வேண்டாம். தண்ணீரில் அழுகும் எதுவும் மீனின் பங்கு ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான ஒரு சின்ன டப்பா எடுத்துப்போங்கள், பையில் வாடை ஏறாது. பிஸ்கட் உறைக்கு இடம் இருந்த பையில் அதற்கும் இடம் இருக்கும்.