20க்கு 10 அடித் தோட்டத்துக்கு எத்தனை லோடு மண் வேண்டும்?

பெருந்துறையில் வீட்டு முன்னால் 20க்கு 10 அடியில் காய்கறிப் பாத்தி போட எத்தனை லோடு செம்மண் இறக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மண்காரர் இந்நேரம் "மூணு லோடு" என்று சொல்லியிருப்பார். லோடு என்பது அளவே இல்லைங்க. கன அடியில் பேசுங்கள்.

காய்கறிக்கு 9 அங்குல ஆழம் வைத்தால் 20 × 10 × 0.75, அதாவது 150 கன அடி. புது மண் தண்ணீர் பட்டதும் இறங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 180. அதில் கால் பங்கு தொழு உரம் என்றால், வாங்க வேண்டிய செம்மண் 135 கன அடிதான். மண் விற்கிறவர்கள் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், ஆக ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மண்ணியல் படித்தவர்கள் இப்படி அமுங்கி இறங்கும் அளவு மண்ணுக்கு மண் மாறும் என்பார்கள். சரிதான், நான் செம்மண்ணுக்குச் சொல்கிறேன்.

அவிநாசியில் என் மகள் வீட்டுக்கு மண் இறக்கியபோது "ரெண்டு யூனிட் வண்டிங்ணா, எல்லாரும் இப்படித்தானுங்க வாங்குறாங்க" என்றார் டிரைவர். கொட்டும் முன் நான் டேப்போடு மேலே ஏறினேன். தொட்டியின் உள்ளளவு நீளம் 10 அடி, அகலம் 6, உயரம் இரண்டரை. கணக்குப் போட்டால் 150 கன அடி. குவித்தும் கட்டவில்லை, தார்ப்பாய் தட்டையாகத்தான் கிடந்தது. "விடுங்க மாமா, தெருவே பார்க்குது" என்றார் மாப்பிள்ளை. நான் விடவில்லை. 150க்குத்தான் பணம் என்றேன். டிரைவர் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

கஞ்சத்தனம் என்று கீழே எழுத வருகிறவர்கள் எழுதுங்கள். இல்லாத 50 கன அடிக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?

அப்புறம், விலை குறைவு என்று கிராவலை, அதாவது சரளை மண்ணை, தள்ளிவிடுவார்கள். அது மேடு நிரப்பத்தான் ஆகும், செடிக்கு ஆகாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மண் எங்கே வெட்டியது என்று யாருமே கேட்பதில்லை. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டினார்கள்! யானை நடமாடும் மலையடிவாரம் அது. அனுமதியில்லாத சூளைகளை 2021இல் மூட வைத்தார்கள். தோண்டின பள்ளத்தை யார் நிரப்புவது? மகள் வீட்டுக்கு வந்த வண்டிக்கு நடைச்சீட்டு, அதாவது மண் ஏற்றிவர அனுமதிச் சீட்டு, கேட்டேன். "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க" என்று முறைத்தார்கள். நீங்களும் கேளுங்கள்.