கேளுங்க, அக்கா சொல்கிறேன்

கேள்வி: நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரிசர்வேஷன் பகுதியில் வேலை செய்கிறேன். நிரந்தரமாக்குவதற்கு முன் நிரப்பச் சொல்லி ஒரு சுகாதாரப் படிவம் தந்திருக்கிறார்கள். கடைசி மாதவிடாய்த் திகதி, குடும்பக் கட்டுப்பாடு செய்கிறேனா, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா, என்னென்ன மருந்து குடிக்கிறேன் என்று எல்லாம் எழுத வேண்டுமாம். நிரப்பி சூப்பர்வைசரிடமே கொடுக்க வேண்டும். அவரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறவர்தான். எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பேசாமல் பொய் எழுதிவிடவா அக்கா?
– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: பொய் மட்டும் எழுதாதீங்க தங்கச்சி. கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் அதைத் தடுக்கின்றன. 84 நாள் பிரசவ லீவும் உரிமைதான். ஆனால் ‘படிவத்தில் பொய் சொன்னாள்’ என்று நிறுத்த வழியிருக்கிறது. அந்தக் காரணத்தை நாமே எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்?

தொலைபேசியில் அறை பதிவு செய்கிறவரின் மாதவிடாய்த் திகதி ஹோட்டலுக்கு எதற்கு? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான்: யார் சீக்கிரம் பிரசவ லீவு கேட்பார் என்று கணக்குப் பார்ப்பது. வீட்டு மனநோய்க் கதையும் அப்படியே. உங்கள் சித்தப்பாவுக்கு என்ன இருந்தால் இவர்களுக்கு என்ன?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. தேவைக்கு மேல் கேட்கக் கூடாது, எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டம் கட்டங்கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதனால் சட்டப் புத்தகத்தோடு போய் நிற்காதீங்க. மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்க: ‘இந்த வேலைக்கு உடல் தகுதி உண்டு என்ற மெடிக்கல் சர்டிபிகேட்டை வைத்தியரிடம் வாங்கித் தருகிறேன். மற்றக் கேள்விகள் என் வேலைக்கு எந்த வகையில் தேவை, பதிலை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று எழுத்தில் அறியத் தரவும்.’ இன்னொரு பிரதியில் ‘கிடைத்தது’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்க. வாயால் சொன்னது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் தொழில் திணைக்களத்தில் இருந்த காலத்தில், கடிதப் பிரதி இல்லாமல் வெறுங்கையோடு வந்து அழுதவர்கள்தான் அதிகம்.

சூப்பர்வைசர் கையில் திறந்த தாளாகக் கொடுக்கவே வேண்டாம். தோட்டத்து லய வரிசை வீடுகளில் காலையில் ஒரு வீட்டில் தும்மினால் சாயந்தரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வரைக்கும் தெரியும், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வைத்தியர் தரும் சான்றிதழில் ‘வேலைக்குத் தகுதியானவர்’ என்ற ஒரு வரி போதும், நோயின் பெயர் வேண்டியதில்லை. அதையும் உறையில் ஒட்டி மனிதவளப் பிரிவுக்குக் கொடுங்க. நெருக்கினால், அல்லது இதைக் காரணம் காட்டி நிரந்தரமாக்காமல் இழுத்தால், பிரதிகளோடு தொழில் காரியாலயத்துக்குப் போய் முறைப்பாடு கொடுங்க. தொழிற்சங்கத்தில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்க.

கேள்வி: ஹோட்டல் கிச்சனில் வேலை. மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு வா என்கிறார்கள். இதையும் மறுக்கலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: மறுக்காதீங்க தம்பி. சாப்பாட்டில் கை வைக்கிறவரிடமிருந்து, சாப்பிட வருகிறவர்களுக்குத் தொற்று பரவக் கூடாது என்பதற்காகக் கேட்பது அது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார். ஆனால் அந்தச் சாக்கில் எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்துக் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். அது சாப்பாட்டின் வழியாகப் பரவுவதில்லை. வேலைக்காக அந்தப் பரிசோதனையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 2010ஆம் ஆண்டு 200ஆம் இலக்கப் பரிந்துரையும் சொல்கிறது.