கரைக் கணக்கும் கப்பல் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: ஆயில் டேங்கரில் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருக்கிறேன். அடுத்து ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவிலுள்ள சல்லம் வோ முனையத்தில் கச்சா எண்ணெய் ஏற்றப் போகிறோம். போன தடவை வேறொரு துறைமுகத்தில், கரையில் சொன்ன அளவைவிடக் கப்பலில் குறைவாக இருந்தது. சீஃப் ஆபீசர் லெட்டர் ஆஃப் புரொடெஸ்ட், அதாவது கரை அளவை ஏற்கவில்லை என்ற ஆட்சேபக் கடிதம், கொடுத்தார். எண்ணெய் எங்கே போனது?

பதில்: பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. ஒரே சரக்கை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அளந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சல்லம் வோவுக்கு 1978 முதல் வட கடல் எண்ணெய் கடலடிக் குழாய்களில் வருகிறது. கூடவே வாயுவும் தண்ணீரும் வரும். வாயுவைப் பிரித்துவிட்டு எண்ணெயைச் சேமிப்பு டேங்கில் விடுவார்கள். தண்ணீர் மெல்ல அடியில் தங்கும், அதை வடித்துவிடலாம். இத்தகைய பெரிய டேங்குகளில் கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும். எண்ணெய் ஆவியாக இடம் கிடைக்காது. ஆனால் கூரையில் மழைநீர் தேங்கினால் எடை கூடி அளவும் பிசகும்.

கரை டேங்கில் டேப்பை இறக்கி டிப் பார்ப்பார்கள், அதாவது அடியிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பார்கள். டேப்பில் தடவிய பேஸ்ட் எதுவரை நிறம் மாறுகிறதோ அதுவரை தண்ணீர். கப்பலிலோ எண்ணெய்க்கு மேலுள்ள காலி இடத்தை, அதாவது அல்லேஜை, அளக்கிறோம். கப்பல் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தச் சாய்வுக்கு டிரிம் திருத்தம் வேறு போட வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய வில்லன் வெப்பநிலை. பிரெண்ட் என்ற வட கடல் கச்சா எண்ணெய் போன்ற லேசான எண்ணெய் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.09 சதவீதம் விரியும். 1,00,000 கன மீட்டர் சரக்கில் ஒரே ஒரு டிகிரி தப்பாகப் படித்தாலும் கிட்டத்தட்ட 90 கன மீட்டர் 'காணாமல்' போய்விடும்! அதனால் ஒவ்வொரு டேங்கிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் வெப்பநிலை எடுங்கள். அவசரத்தில் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு வருவது நல்ல பழக்கம் இல்லை.

இன்னும் சிலவற்றையும் பாருங்கள். ஏற்றும் முன் கப்பல் டேங்கில் ஒட்டிக் கிடந்த பழைய எண்ணெயைக் குறித்தீர்களா? கரை டேங்கிலிருந்து ஜெட்டி (கப்பல் கட்டும் மேடை) வரையுள்ள குழாய் லைன் முழுக்க நிரம்பியிருந்ததா? அப்புறம், உங்கள் கப்பல் வழக்கமாகவே கரையைவிடக் கூடவோ குறையவோ காட்டும் கப்பலா? முந்தைய பயணங்களின் சராசரியிலிருந்து அதற்கு ஒரு எண் வைத்திருப்பார்கள், வி.ஈ.எஃப். (வெஸல் எக்ஸ்பீரியன்ஸ் ஃபேக்டர்) என்று கேளுங்கள். அதைப் போட்டபின்னும் வித்தியாசம் பெரிதாக நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

புரொடெஸ்ட் கடிதத்தைச் சண்டை என்று நினைக்காதீர்கள். சரக்கு ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் பெரும்பாலும் கரை அளவுதான் ஏறும். இறக்குமிடத்தில் குறைவு என்று கிளெய்ம் வந்தால் கப்பல் தரப்பில் காட்ட அந்தக் கடிதம் வேண்டும்.