காட்டுக்குள் இரண்டு நாள்

கேள்வி: ஊட்டிக் கூட்டம் வேண்டாம். ஏரி, காடு, விலங்குகள் என்று இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். எங்கே போகலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: யோசிக்காமல் பரம்பிக்குளம் போங்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் சாலை நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என மூன்று அணைகளின் தண்ணீர் காட்டுக்குள் பரந்து கிடக்கும், விடியற்காலையில் கரையோரமாகக் காட்டெருமைகள், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல, நிதானமாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பேச்சே வராது. கன்னிமாரா தேக்கை அவசியம் பாருங்கள், அடிமரத்தைச் சேர்த்துப் பிடிக்க நான்கைந்து பேராவது வேண்டும். தங்க வனத்துறையிடம் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். அப்புறம், ஆசையாக இருந்தாலும் தண்ணீரில் இறங்காதீர்கள், முதலைகள் உண்டு.