வரைபட சர்வர் கேள்வி பதில்: ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக்கைத் திறங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வட ஆற்காட்டுப் பக்கம். நகராட்சி, ஆலை, சர்வே என்று ஆளுக்கொரு இடத்தில் இணைய வரைபட சர்வரைக் கட்டி மேய்ப்பவர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

சார், எங்கள் அலுவலகத்தில் ஆர்க்ஜிஐஎஸ் எண்டர்பிரைஸ் என்ற வரைபட சர்வர் மென்பொருள் ஓடுகிறது. காலையில் நன்றாகத்தான் இருக்கிறது. மதியத்துக்கு மேல் வரைபடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இப்போது தினமும் அதுவே என் வேலையாகிவிட்டது. ரேம் கூட்டினால் தீருமா?
(வாசகர், சத்துவாச்சாரி)

கூட்டலாம். ஆனால் எது தின்கிறது என்று தெரியாமல் கூட்டினால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். ரீஸ்டார்ட்டில் உள்ள தொல்லையே அதுதான், கோளாறோடு சேர்த்துத் தடயத்தையும் துடைத்துவிடுகிறது. நாளைக்கு இழுக்க ஆரம்பித்ததும் பத்து நிமிடம் எதையும் அமுக்காமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஆர்க்சாக் என்ற பெயரில் எத்தனை புராசஸ் ஓடுகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

தனி இன்ஸ்டன்ஸ் (அந்தச் சேவைக்கென்றே ஓடும் ஆர்க்சாக் புராசஸ்) வைத்த வரைபடச் சேவைக்கு, நீங்கள் கை வைக்காத வரை, குறைந்தது ஒன்று அதிகபட்சம் இரண்டு என்று இருக்கும். குறைந்தது ஒன்று என்றால், யாரும் பார்க்காவிட்டாலும் அது ரேமில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். எப்போதோ யாரோ சோதனைக்கு ஏற்றிய சேவைகளும் அந்தக் கணக்கில்தான். அவற்றுக்குக் குறைந்தபட்சத்தைப் பூஜ்யமாக்குங்கள், அல்லது 10.7 பதிப்பிலிருந்து வந்த, பல சேவைகள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு இன்ஸ்டன்ஸுக்கு மாற்றுங்கள். எல்லோரும் திறக்கும் அந்த ஒரே ஒரு முக்கியச் சேவைக்கு இரண்டு இன்ஸ்டன்ஸ்தான் இருக்கிறதென்றால், காட்பாடி ஜங்ஷனில் தீபாவளிக்கு முந்தின நாள் இரண்டு கவுண்டர் மட்டும் திறந்து வைத்த மாதிரிதான், மூன்றாவது ஆள் நின்றே ஆகவேண்டும். அதன் அதிகபட்சத்தை உயர்த்துங்கள்.

அப்புறம் லாக், அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேடு. வழக்கமாக வார்னிங் அளவில்தான் இருக்கும், அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு ஃபைன் அளவுக்கு மாற்றி, எந்தச் சேவை எத்தனை விநாடி எடுக்கிறது என்று பிடித்த கையோடு திரும்ப வார்னிங்கில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாக்கே டிஸ்க்கை நிரப்பிவிடும். நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு): மாவட்டம் முழுவதன் சர்வே எண் உட்பிரிவுகளும், அளவு வரம்பு ஏதும் வைக்காமல், மொத்த மாவட்டத்தையும் பார்க்கும்போதே வரையப்படுவது. எறும்பு அளவுகூடத் தெரியாத கோடுகளுக்காக சர்வர் மூச்சு வாங்குகிறது. கிட்டே போனால் மட்டும் தெரியட்டும் என்று வரம்பு வையுங்கள், அந்த டேபிளுக்கு ஸ்பேஷியல் இண்டெக்ஸ் (இடத்தை வைத்துச் சட்டென்று தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, மே மாதத்தில் மட்டும் மதியம் இழுக்கிறது என்றால் சர்வர் அறை ஏசியைத் தொட்டுப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலூர் வெயிலுக்கு அது சாதாரணம்.

அண்ணா, களப்பணியாளர்கள் மொபைலில் எடுத்த தெருவிளக்குப் புள்ளிகளை ஜியோசர்வர் என்ற வரைபட சர்வரில் ஏற்றினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளிகள் எங்கே போயிருக்கும்?
(வாசகி, குடியாத்தம்)

எங்கேயோ போயிருக்கின்றன, அந்த 'எங்கேயோ'வைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். லேயரை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து 'ஜூம் டு லேயர்' அமுக்குங்கள்.

ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நின்றால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. வேலூர் ஏறக்குறைய 12.92 வடக்கு, 79.13 கிழக்கு. திருப்பிப் போட்டால் 79.13 வடக்கு, 12.92 கிழக்கு. 2008இல் இந்தியா திறந்த ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் நியூ ஓலசுண்ட் அங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை, நம் தெருவிளக்குகள் பனிக்கரடிக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். எக்செல்லில் எக்ஸ், ஒய் பத்திகள் மாறியிருக்கலாம். கோப்பு சரியாக இருந்தும் இப்படி வந்தால் டபிள்யூஎம்எஸ் (சர்வரிடம் வரைபடம் கேட்கும் நெறிமுறை) பதிப்பைப் பாருங்கள்: இபிஎஸ்ஜி 4326க்கு (அட்ச, தீர்க்கரேகை முறையின் குறியீட்டு எண்) 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், 1.3.0 பதிப்பில் அட்சரேகை முதலில் வரும். பழைய நிரலில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஆர்க்டிக் போய் வந்திருப்பார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் நின்றால் கதை வேறு. உங்கள் புள்ளிகள் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) 44 வடக்கில் இருக்கின்றன, ஏற்றும்போது இபிஎஸ்ஜி 3857, அதாவது இணைய வரைபடங்கள் ஓடும் வெப் மெர்கேட்டர் முறை, என்று சொல்லியிருக்கிறீர்கள். வேலூரின் யூடிஎம் எண்கள் சுமார் 2,97,000 மற்றும் 14,29,000. அதை வெப் மெர்கேட்டராகப் படித்தால் நைஜர் ஆற்றுப் பக்கம்தான் விழும். (அங்கே ஆற்றில் தண்ணீராவது ஓடும்.) இதற்கு மருந்து, லேயரின் குறியீட்டை 32644 (யூடிஎம் 44 வடக்கின் இபிஎஸ்ஜி எண்) என்று சரியாக அறிவிப்பது. புள்ளிகளை உருமாற்றப் போகாதீர்கள், தப்பான பெயரோடு உருமாற்றினால் தப்பு நிரந்தரமாகிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கீழே கடலில், அட்சரேகை பூஜ்யம் தீர்க்கரேகை பூஜ்யத்தில் எல்லாம் குவிந்து கிடந்தால் மொபைலில் ஜிபிஎஸ்ஸே வேலை செய்யவில்லை. உங்கள் படிவம் பிரவுசரில் ஓடுகிறதா? முகவரி வெறும் எச்டிடிபி என்றால் குரோம் இருப்பிடத்தைத் தராது, எச்டிடிபிஎஸ் கட்டாயம்.

தம்பி, நான் சங்கிலி பிடித்து அளந்த காலத்து சர்வேயர், ஓய்வு பெற்றவன். பேரன் இணைய வரைபடத்தில் எங்கள் நிலத்தை வரைந்து பரப்பு எடுத்தான். புலப்படத்தில் நூறு சென்ட், இதில் நூற்று ஆறு வருகிறது. ஆறு சென்ட் லாபம் என்கிறான். எனக்கு ஒப்பவில்லை.
(வாசகர், வாலாஜாபேட்டை)

ஒப்பாமல் இருப்பதுதான் சரி, ஐயா. அந்த ஆறு சென்ட்டை நம்பி வேலி போட்டால் பக்கத்து நிலத்துக்காரர் அரிவாளோடு வருவார்.

இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையில்) ஓடுகின்றன. அது நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கும். நம் அட்சரேகையில் பக்கவாட்டில் இரண்டரை சதவீதம், மேலும் கீழுமாக மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், பரப்பில் சேர்ந்து ஆறு சதவீதத்துக்குக் கிட்டே வரும். உங்கள் பேரனுக்கு வந்ததும் அதே கணக்கு. புலப்படத்தில் குற்றமில்லை.

அதே வடிவத்தை யூடிஎம் 44 வடக்கில் வைத்து அளந்தால் வேலூர் பக்கம் நீளத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்று அளவில்தான் பிசகும், நூறு சென்ட்டில் அது கண்ணில் படாது. சில மென்பொருள்கள் 'ஜியோடெசிக்' (பூமியின் வளைவோடு அளப்பது) என்று ஒரு தேர்வு தரும், அதைச் சொடுக்கினாலும் போதும். நிர்வாகம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் அளவுக் கருவி வைத்தால் அது எந்த முறையில் கணக்கிடுகிறது என்று சோதித்துவிட்டு வையுங்கள். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். ஓசூர் பக்கத்து நிலம் என்றால் 43ஆம் மண்டலம், 78 பாகை தீர்க்கரேகையில் மண்டலம் மாறுகிறது.

ஊர்ப் பெயர்கள் தமிழில் வரவேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு. என் கணினியில் அழகாக வருகிறது. சர்வரில் ஏற்றினால் கட்டம் கட்டமாக வருகிறது. சில பெயர்கள் பாதியில் நிற்கின்றன.
(வாசகி, ஆற்காடு)

இரண்டும் வேறு வேறு கோளாறு. கட்டம் வருவது எழுத்துரு இல்லாததால். உங்கள் விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, லினக்ஸ் சர்வரில் யாரும் போடவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை சர்வரில் நிறுவுங்கள், அல்லது ஜியோசர்வர் டேட்டா டைரக்டரியில் உள்ள ஸ்டைல்ஸ் கோப்புறையில் போட்டு, ஸ்டைலிலும் அதே பெயரை எழுத்துப் பிசகாமல் குறிப்பிடுங்கள்.

பாதியில் நிற்பது ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தின் கைவரிசை. அதில் ஓர் எழுத்துப் பத்திக்கு 254 பைட்தான் உச்சம். யூனிகோடில் 'கு' என்று எழுத ககரத்துக்கு மூன்று, உகரக் குறிக்கு மூன்று என ஆறு பைட் போய்விடும். பத்தியின் நீளத்தை யாராவது முப்பது என்று வைத்திருந்தால் 'குடியாத்தம்' என்பதே முழுசாக நுழையாது. பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட்தான், அதைத் தமிழில் வைக்கவே முயலாதீர்கள். கூடவே வரும், எழுத்து முறையைச் சொல்லும் சிபிஜி கோப்பில் யூடிஎஃப் 8 என்று இல்லாவிட்டால் எல்லாமே கொச்சையாக வரும். என்னைக் கேட்டால் ஷேப்ஃபைலையே விட்டுவிட்டு ஜியோபேக்கேஜ் கோப்புக்கோ போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்துக்கோ போங்கள்.

எழுத்துகள் கட்டமாக இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், மூலக் கோப்பு பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

திங்கள் காலை வந்து பார்த்தால் எங்கள் ஆர்க்ஜிஐஎஸ்ஸில் போர்ட்டல் (உள்ளே நுழையும் வலைவாசல்), சர்வர் எதுவுமே எழவில்லை. வெள்ளிக்கிழமை வரை ஓடியது. யாரும் எதையும் தொடவில்லை என்கிறார்கள்.
(வாசகர், ராணிப்பேட்டை சிப்காட்)

யாரும் தொடாமல் தானே மாறுகிற விஷயங்கள் மூன்று இருக்கின்றன: பாஸ்வேர்டின் கெடு, எச்டிடிபிஎஸ் சான்றிதழின் கெடு, டிஸ்க்கில் மிச்சமுள்ள இடம்.

விண்டோஸ் சர்வீஸே எழவில்லை என்றால் அதை ஓட்டும் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியாகியிருக்கும், அல்லது ஐடி துறை மாற்றிவிட்டு உங்களிடம் சொல்லியிருக்காது. சர்வர், போர்ட்டல், டேட்டா ஸ்டோர் (தரவைச் சேமிக்கும் பகுதி) மூன்றுக்கும் தனித்தனியாகப் புதிய பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும், அதற்கென்றே ஒவ்வொன்றோடும் ஒரு கருவி வருகிறது.

சர்வீஸ் ஓடுகிறது, பக்கம்தான் திறக்கவில்லை என்றால் வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் வெப் அடாப்டரைத் தாண்டி நேராகப் போய்ப் பாருங்கள்: சர்வருக்கு 6443 எண் போர்ட், போர்ட்டலுக்கு 7443. நேராகத் திறந்தால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை, வாசலில்தான் கோளாறு. பெரும்பாலும் சான்றிதழ். இனிமேல் இது அடிக்கடி வரும். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலாக இருந்த சான்றிதழ் ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகக் குறைக்கிறார்கள், 2027இல் 100, 2029இல் 47. நாள்காட்டியில் குறித்துவைத்துக் கையால் மாற்றுகிற பழக்கம் எடுபடாது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இப்போதே செய்யுங்கள்.

பார்க்க முடிகிறது, சேமிக்க மட்டும் முடியவில்லை என்றால் டிஸ்க். இடம் ரொம்பக் குறைந்தால் டேட்டா ஸ்டோர் தானே படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும்.

எங்கள் வரைபடத்தில் அரக்கோணம் என்று தேடினால் வேலூர் மாவட்டம் என்று வருகிறது. புது எல்லைக் கோப்பைப் போட்டால் பழைய புள்ளிவிவர அட்டவணை ஒட்ட மறுக்கிறது.
(வாசகர், அரக்கோணம்)

ஒட்டாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் ஒரே மாவட்டம், 2019 நவம்பரில் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. நீங்கள் ராணிப்பேட்டை, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர். அதற்கு முன்னால் 1989இல் வட ஆற்காடே இரண்டாகி திருவண்ணாமலை பிரிந்தது. ஆகவே மாவட்ட அளவில் ஒட்ட முயலாமல் கிராம, வார்டு அளவுக்கு இறங்கி ஒட்டி, அங்கிருந்து புது மாவட்டத்துக்குக் கூட்டுங்கள். பெயரை வைத்து ஒட்டாதீர்கள், வாலாஜா, வாலாஜாபேட்டை, வாலாஜாபேட் என்று ஒரே ஊர் மூன்றாக நிற்கும். மத்திய அரசின் லோக்கல் கவர்ன்மெண்ட் டைரக்டரியின் குறியீட்டு எண்களைப் பயன்படுத்துங்கள். பழைய எல்லையை அழிக்காமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இரண்டு பத்தி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேடலில் பழைய பெயர் வருவது மட்டும் மீதமிருந்தால், தேடல் இண்டெக்ஸ் பழையது, அதைத் திரும்பக் கட்டவேண்டும்.

ஜியோசர்வர் 2.22 மூன்று வருடமாகத் தொந்தரவு இல்லாமல் ஓடுகிறது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்?
(வாசகர், காட்பாடி)

இணையத்தில் வெளியே தெரிகிறதா? தெரிகிறதென்றால் அது உங்களுக்கு மட்டும்தான் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். 2024இல் வெளியான சிவிஇ 2024-36401 என்ற பட்டியல் எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு கோரிக்கையை அனுப்பி உங்கள் சர்வரில் எதை வேண்டுமானாலும் ஓட்ட வழி விட்டது. அபாய மதிப்பு பத்துக்கு 9.8. வெளியான சில வாரங்களிலேயே தாக்குதல்கள் ஆரம்பித்துவிட்டன, அமெரிக்காவில் ஒரு மத்திய அரசு அமைப்புக்குள்ளேயே இதன் வழியாகப் புகுந்தார்கள். 2.23.6, 2.24.4, 2.25.2 பதிப்புகளில் அடைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு மாற்றும்போது அதோடு நிற்காமல் இப்போது ஆதரவில் உள்ள பதிப்புக்கே போங்கள், அதற்கு எந்த ஜாவா வேண்டும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் முன் டேட்டா டைரக்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜியோசர்வரை ஓட்டும் டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள்ளேயே இருந்தால், புதுப் பதிப்பின் வார் (.war) கோப்பைப் போட்ட நிமிடத்தில் லேயர், ஸ்டைல் எல்லாம் போய்விடும். முதலில் வெளியே நகர்த்தி, ஒரு நகல் எடுத்து, அந்த நகலை வைத்து இன்னொரு கணினியில் புதுப் பதிப்பை ஓட்டிப் பாருங்கள். எல்லா லேயரும் வந்த பிறகு நிஜ சர்வரில் கை வையுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் இன்னமும் ஜியோசர்வர் என்றே இருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.